நனைந்தால் என்ன நிறம்

வினிப்பெக்
2 அக்டோபர் 1998

அன்புள்ள ஸ்டெஃபா அக்கா,

நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். எழுதிவிட்டேன். உன் புதுப் பள்ளிக்கூடம், விறகடுப்பு, ஏரிமேல் இறங்கிய குட்டி விமானம் எல்லாம் படித்தேன். போன் செய்தபோது நான் சரியாகப் பேசவில்லை என்று கோபித்திருந்தாய். பேசினால் இருமல் வருகிறது. எழுதினால் வருவதில்லை. இனி இப்படியே.

டாக்டரைப் பார்த்தேன். நெஞ்சு எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டிக் காட்டினார். குளிர்காலத்து ஜன்னலில் மூச்சு விட்டது போல இரண்டு பக்கமும் வெண்மை.

"வீட்டுல ஈரமா ஏதாவது வச்சிருக்கீங்களா?"

சொன்னேன். கண்ணாடிப் பெட்டிகள். பாசி, பெரணி, நாள் முழுக்கத் தண்ணீர்ப் புகை. அதற்குள் நீலத் தவளைகள். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"தம்பி, அந்தப் பெட்டியில வளர்ற பூஞ்சணம் காத்துல கலந்து வருது. உங்க நுரையீரல் அதோட சண்டை போடுது. சண்டை போட்ட இடமெல்லாம் தழும்பு. தழும்பான இடம் திரும்ப மூச்சு விடாது."

"முகமூடி போட்டுக்கிட்டா?"

"பேரம் பேசாதீங்க. பெட்டி வீட்ட விட்டுப் போகணும். இல்லன்னா அடுத்த வருஷம் ஆக்ஸிஜன் குழாயோடதான் நடப்பீங்க. நடந்தா."

வெர்ன் எடுத்துக்கொள்வார். எங்கள் தவளைச் சங்கத் தலைவர். சங்கத்தில் மொத்தம் மூன்று பேர். ஆண் தவளை கூப்பிடுகிறது என்பதை நானும் வெர்னும் தொண்டை அசைவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். கண்ணாடியில் காதை ஒட்டவைத்தாலும், கேட்டதா, கேட்டதாக நினைத்தோமா என்று தகராறு வரும். இனி அந்தத் தகராறு இல்லை.

பள்ளிக்குப் பின்னால் ஒரு பாறை என்று எழுதியிருந்தாய். இந்த ஊரில் குப்பை மேட்டைத் தவிர வேறு மேடு கிடையாது. அந்தப் பாறையைப் பற்றி எழுது. நிறம், விரிசல், எல்லாம். படிக்க ஏதாவது வேண்டும்.

உன்
யூர்கோ


கல் ஏரி
24 அக்டோபர் 1998

அன்புள்ள யூர்கோ,

உன் நலத்தைக் கேட்டு எழுதும் வழக்கமான வரி இந்த முறை எனக்கு வரவில்லை. டாக்டர் சொன்னதை மூன்று முறை படித்தேன். பெட்டி போயிற்றா? ஒரு வார்த்தை போதும்.

பாறை கேட்டாய். என் உயரத்தைப் போல இரண்டு மடங்கு. தூரத்தில் சாம்பல். கிட்டே போனால் இளஞ்சிவப்பு. ஆரஞ்சு நிறத்தில் ஒரு பாசி, யாரோ வண்ணத்தைத் தெளித்துவிட்டுத் துடைக்க மறந்தது போல. இடது தோளில் ஒரு விரிசல் தொடங்கி வலது இடுப்புவரை சாய்வாக இறங்குகிறது. நடுவில் ஒரு திட்டு, ஒரு பிள்ளை உட்காரலாம். அங்கே ஒற்றைப் பெரணி. மழை இல்லாத நாளிலும் விரிசலில் நீர் கசிகிறது. நனைந்த இடம் கறுப்பு.

அதன் முன் நின்று உனக்காகக் குறித்துக்கொண்டிருந்தேன். என் வகுப்பு ஷெரிலின் வந்தாள்.

"டீச்சர், பாறைய எதுக்கு எழுதுறீங்க? அது எங்கயும் ஓடிப் போகாதே."

"என் தம்பி ஊர்ல பாறை கிடையாது."

"பாறை இல்லாத ஊரா? அப்ப எதுமேல நிக்கிறாங்க?"

பதில் உன்னிடம் இருந்தால் எழுது.

அன்புடன்,
அக்கா


வினிப்பெக்
20 நவம்பர் 1998

அன்புள்ள அக்கா,

நீயும் உன் அடுப்பும் நலமாக இருக்க வேண்டும். நான் மாத்திரை சாப்பிடுகிறேன். முகம் உப்பி, அப்பாவின் கல்யாணப் படத்தில் இருப்பது போல ஆகிவிட்டது.

பெட்டிகளை வெர்ன் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அறை காலி.

நாங்கள் சேற்றின் மேல் நிற்கிறோம் என்று ஷெரிலினிடம் சொல்.

சில சந்தேகங்கள். விரிசல் தொடங்கும் இடத்தில் பாறை உள்ளே போகிறதா, வெளியே தள்ளுகிறதா? திட்டின் அடிப்பக்கம் நிழலா? நனைந்தால் கறுப்பு என்றாய். எவ்வளவு கறுப்பு? தார்க் கறுப்பா, காப்பித்தூள் கறுப்பா?

மாடிப்படியில் நடுவில் ஒருமுறை நிற்கிறேன். வேறு ஒன்றும் இல்லை.

யூர்கோ


கல் ஏரி
8 டிசம்பர் 1998

அன்புள்ள யூர்கோ,

இங்கே நான் நலம். பனி ஜன்னலின் பாதிவரை வந்துவிட்டது. அறை காலி என்று நீ எழுதியதைப் படித்த அன்று பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கவில்லை. ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது.

உன் கேள்விகளுக்காகப் பாறையின் பனியைக் கையுறையால் துடைத்தேன். விரிசலின் மேல் உதடு வெளியே தள்ளுகிறது. கீழ் உதடு உள்ளே. திட்டின் அடி நிழல்தான். வாயால் ஊதி ஒரு இடத்தை நனைத்துப் பார்த்தேன். காப்பித்தூள். அதுவும் வடிகட்டிய பிறகு கிடக்கும் ஈரத்தூள்.

ஒன்று கேட்க வேண்டும். உன் கடிதத்தைப் பிரித்ததும் வினிகர் வாசனை அடித்தது. மேசையில் வைத்திருந்தேன். மறுநாளும் போகவில்லை. என்ன அது?

ஜனவரி ஏழாம் தேதி, நம் கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். விமானத்தில் இடம் சொல்லிவைத்தாயிற்று. பண்டிகைக் குத்யாப் பாயசத்துக்குக் கோதுமை ஊறவை. கசகசாவை நான் கொண்டுவருகிறேன்.

அக்கா


வினிப்பெக்
19 டிசம்பர் 1998

அன்புள்ள அக்கா,

நலம். வெள்ளரிக்காய் ஊறுகாய் போட்டேன். கையோடு உனக்கு எழுத உட்கார்ந்தேன். அந்த வினிகர்தான்.

வராதே. எங்கள் கட்டிடம் முழுக்கக் காய்ச்சல். இந்த மாத்திரை சாப்பிடும்போது யாரையும் கிட்டே சேர்க்கக் கூடாது என்கிறார் டாக்டர். நீ வந்து கதவுக்கு வெளியே நிற்பதில் யாருக்கு என்ன? ஈஸ்டருக்கு வா. அப்போது நன்றாக இருப்பேன்.

கோதுமையை நான் மட்டும் ஊறவைக்கிறேன். மேசையில் உனக்கும் ஒரு தட்டு உண்டு.

யூர்கோ


கல் ஏரி
20 ஜனவரி 1999

யூர்கோ,

கிறிஸ்துமஸ் அன்று குத்யாவைத் தனியாகச் சாப்பிட்டேன். தேன் கிடைக்கவில்லை. சர்க்கரைப் பாகு ஊற்றினேன்.

போன வாரம் பள்ளி ஜன்னலில் காற்று புகுந்தது. பராமரிப்பு பார்க்கும் கில் என்பவர் ஒரு குழாயை அழுத்தி ஓரமெல்லாம் பசை பூசினார். அறை முழுக்க வினிகர்.

"ஊறுகாயா போடுறீங்க?" என்று கேட்டேன்.

"சிலிக்கோன் டீச்சர். காயுற வரைக்கும் இப்படித்தான் நாறும். கண்ணாடி ஒட்டுறதுக்கு இதுதான்."

நான் பாடத்தை நிறுத்திவிட்டேன்.

நம் அம்மா வெள்ளரிக்காயை உப்புத் தண்ணீரில்தான் போடுவாள். வினிகர் ஊற்றியதை நாய்கூடத் தின்னாது என்பாள். நீ அதைக் கேட்டுத்தான் வளர்ந்தாய். பொய்யாவது அவளுக்குப் பொருந்துகிற மாதிரி சொல்லியிருக்கலாம்.

பெட்டி வீட்டில் இருக்கிறதா?

ஸ்டெஃபா


கல் ஏரி
30 மார்ச் 1999

அன்புள்ள யூர்கோ,

நேற்று இங்கே திரும்பினேன். ஆஸ்பத்திரியில் உனக்கு எத்தனை தலையணை வைக்கிறார்கள்? சாய்ந்து படுத்தால் இருமல் குறைகிறதா? எழுது.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். எழுதினால்தான் எனக்கு அது நடந்ததாகிறது.

இரண்டு மாதம் நீ பதில் போடவில்லை. பள்ளி விடுமுறை விட்டதும், சொல்லாமல் வந்தேன். மாடிப்படியின் நடுவில் ஒரு சமையலறை நாற்காலி கிடந்தது. நீ உட்கார்ந்து போவதற்கு என்று புரியச் சிறிது நேரம் ஆயிற்று. ஆணியில் முகமூடி தொங்கியது. சோஃபா இருந்த சுவரை முழுதாக அடைத்துக்கொண்டு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் என் பாறை. இடது தோளிலிருந்து விரிசல். திட்டு. திட்டில் ஒற்றைப் பெரணி. கசிகிற நீர். காப்பித்தூள் கறுப்பு.

"என்னடா இது?"

"உன் பாறை."

"என்னைக் கேட்டுக் கேட்டு இதையா செஞ்சுக்கிட்டிருந்த?"

"கத்தாத. நல்லா இருக்கா? அதச் சொல்லு முதல்ல."

நன்றாக இருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. உன் உதடும் அந்தத் தவளையும் ஒரே நிறத்தில் இருந்தன. அன்று மாலை ஆம்புலன்ஸ்.

மறுநாள் வெர்ன் ஐஸ்கிரீம் டப்பாக்களோடு வந்தார். பெட்டியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"எங்கிட்ட சின்னப் பெட்டிங்கள மட்டும் குடுத்துட்டு, பெருசு ஒண்ணு கட்டிட்டானா? திருட்டுப் பய." பிறகு குனிந்து, "வாங்கடா நீலப் பசங்களா" என்றார். ஒரு செடியின் இலைக்கிண்ணத்தில் தேங்கிய தண்ணீரில் ஒரு தலைப்பிரட்டை. "அப்பன்காரன் முதுகுல ஏத்திக்கிட்டு வந்து விட்டிருக்கான் பாருங்க. யூர்கோ கிட்ட சொல்லாதீங்கம்மா. எழுந்து வந்துடுவான்."

சொல்லிவிட்டேன். எழுந்து வராதே.

பாறையை ரொட்டி வெட்டும் கத்தியால் பெயர்த்தேன். கொல்லைப் பனியில் கொண்டுபோய்ப் போட்டேன். ஒரு ஆள் உயரத் துண்டை ஒரு கையால் தூக்க முடிந்தது. அதற்கு எடையே இல்லை. நீ ஏன் அதைச் சொல்லவில்லை?

அக்கா


வினிப்பெக், ஆஸ்பத்திரி
26 ஏப்ரல் 1999

அன்புள்ள அக்கா,

மூன்று தலையணை. நலம் என்ற சொல்லை இங்கே ஒருவரும் பயன்படுத்துவதில்லை. "நிலையா இருக்கீங்க" என்கிறார்கள். நிலையாக இருக்கிறேன்.

கோபம் இல்லை. நான் செய்திருந்தாலும் ரொட்டிக் கத்திதான். செதுக்கியதும் அதே கத்தியால்தான்.

டாக்டர் சொன்ன அன்று மாலையே நுரை டப்பா வாங்கினேன். ஏழு வருஷமாகச் சின்னப் பெட்டிகள், பின்னால் கறுப்புக் காகிதம். நிறுத்துவதானால் ஒன்றையாவது ஒழுங்காக முடித்துவிட்டு நிறுத்தலாம் என்று நினைத்தேன். பெட்டியை மல்லாத்திப் போட்டு நுரையைப் பீய்ச்சினால் ரொட்டி மாவு போலப் பொங்கும். காய்ந்ததும் செதுக்குவது. அதன் மேல் சிலிக்கோன் பூசி, அது காய்வதற்குள் தேங்காய் நார்த்தூளை அள்ளி அழுத்துவது. அப்போதுதான் நீ கேட்ட வாசனை. உன் கடிதத்தைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு செய்தேன். வெளியே தள்ளும் மேல் உதட்டை இரண்டு முறை அறுத்து ஒட்டினேன்.

முடித்தேன். ஆனால் முடிந்த பிறகு நிறுத்த முடியவில்லை. பாசி அப்போதுதான் பிடிக்க ஆரம்பித்திருந்தது.

புதிதாகத் தழும்பு விழ அதிக இடம் பாக்கி இல்லை என்கிறார் டாக்டர். அவருக்கு என்மேல் கொஞ்சம் பிரியம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். இப்போது திட்டுவதில்லை.

வேலையை விட்டுவிட்டு வராதே. ஜூனில் பள்ளி முடிந்ததும் வா. அதுவரை ஒரு உதவி. காலையில் விழித்ததும் தலைப்பிரட்டை என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகுதான் மூக்குக் குழாயைச் சரிசெய்கிறேன். வெர்ன் ஒருமுறை வந்தார். தவளைகளுக்காகப் புதுப் பெட்டி கட்டப் போவதாகச் சொன்னார். எனக்கு எழுத அவருக்குக் கை வராது. உனக்கு எழுதுவார். அவை எப்படி இருக்கின்றன என்று கேட்டு எனக்கு எழுது.

யூர்கோ


வினிப்பெக்
15 மே 1999

அன்புள்ள ஸ்டெஃபா,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கடிதம் வந்து மேசைமேல் கிடக்கிறது. எனக்குச் சுற்றிவளைத்து எழுதத் தெரியாது. தவளைகள் செத்துவிட்டன. தலைப்பிரட்டையும்.

யூர்கோ கட்டியதைப் பார்த்த பிறகு என் பழைய பெட்டியில் அவற்றை விட மனம் வரவில்லை. நானும் ஒரு பின்சுவர் செய்தேன். அவ்வளவு நன்றாக வரவில்லை. சிலிக்கோன் தீர்ந்துபோய்க் கடையில் கைக்குக் கிடைத்த குழாயை எடுத்து வந்தேன். குளியலறைக்கு விற்பது. பூஞ்சணம் வராமல் இருக்க அதில் மருந்து கலந்திருக்கிறது. தவளைத் தோல் அதைக் குடித்துவிடும். எங்கள் சங்கத்தில் சேருகிற ஆளுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பது இது. "குழாயத் திருப்பிப் படிடா" என்று யூர்கோவுக்கும் நான்தான் சொன்னேன். நான் திருப்பிப் பார்க்கவில்லை.

பூஞ்சணத்தால் அவன் படுத்துக் கிடக்கிறான். பூஞ்சணம் வராத மருந்தால் இவை போயின. உட்கார்ந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியாது. நீங்கள் சொல்லிவிடுங்கள். அல்லது சொல்லாதீர்கள்.

வெர்ன்


கல் ஏரி
24 மே 1999

அன்புள்ள யூர்கோ,

உன் நிலை நிலையாகவே இருக்கட்டும். இங்கே ஏரியில் பனி உடைந்துவிட்டது. இரவு முழுக்கக் கண்ணாடி நொறுங்குவது போலச் சத்தம் கேட்டு, காலையில் பார்த்தால் தண்ணீர்.

வெர்ன் எழுதியிருந்தார். எல்லாம் நலம். புதுப் பெட்டி கட்டிவிட்டாராம். உன்னுடையது போல இல்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆண் தவளை ஓயாமல் கூப்பிடுகிறதாம். சமையலறைவரை கேட்கிறதாம். ஹாக்கி பார்க்க முடியவில்லை என்று புலம்புகிறார். "இந்த நீலப் பயல் வாயவே மூட மாட்டேங்குறான், உங்க தம்பி வந்து இவன என்னன்னு கேக்கட்டும்" என்று எழுதியிருக்கிறார்.

தலைப்பிரட்டை பட்டாணி அளவுக்கு வந்துவிட்டது. வால் நீளம். நன்றாகச் சாப்பிடுகிறது.

அவர் வராததற்கு முழங்கால் வலிதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

அக்கா


வினிப்பெக், ஆஸ்பத்திரி
7 ஜூன் 1999

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. நர்ஸ் ஒருமுறை படித்துக் காட்டினாள். பிறகு நான் படித்தேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த நாற்காலி நினைவிருக்கிறதா?

சமையலறைவரை கேட்கிறதா. ஹாக்கியையும் மீறி.

நானும் வெர்னும் கண்ணாடியில் காதை வைத்துக்கொண்டு போட்ட தகராறெல்லாம் நினைவுக்கு வந்தது. இப்போது தகராறு இல்லை. எனக்கும் கேட்கிறது.

வெர்னிடம் பரவாயில்லை என்று சொன்னதாகச் சொல். எதற்கு என்று கேட்டால், சத்தத்துக்கு என்று சொல். முழங்கால் சரியானதும் வரட்டும். கையில் ஒன்றும் கொண்டுவர வேண்டாம்.

தலைப்பிரட்டைக்குக் கால் வந்ததா? எழுது. சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை. நிறைய இருந்தால் போதும்.

யூர்கோ


கல் ஏரி
14 ஜூன் 1999

அன்புள்ள யூர்கோ,

நான் நலம். நீ எப்படி என்று கேட்கவில்லை. நேரில் வந்து பார்க்கிறேன். பள்ளி முடிகிற அன்றே விமானத்தில் இடம் கிடைத்திருக்கிறது.

இன்று மழை. உனக்காகப் பாறைக்குப் போனேன். ஷெரிலினும் வந்தாள். திட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "உங்க தம்பி ஊர்ல இன்னும் பாறை வரலையா டீச்சர்?" என்றாள். வந்தது என்றேன். இப்போது எங்கே என்றாள். விரிசலைக் காட்டி, அதில் எவ்வளவு தண்ணீர் வருகிறது பார் என்றேன்.

பழைய பெரணியின் வேரிலிருந்து இன்னொன்று சுருண்டு கிளம்பியிருக்கிறது. நீ செய்ததில் ஒன்றுதான் இருந்தது. அதைத் திருத்திக்கொள்.

தலைப்பிரட்டைக்குப் பின்னங்கால் இரண்டும் வந்துவிட்டன. முட்டியில் மடக்கி, நீட்டி, பழகிக்கொண்டிருக்கிறது. முதுகில் நீலம் லேசாகத் தெரிகிறது. தண்ணீருக்கு மேலே வந்து மூச்சு எடுத்துப் பார்க்கிறதாம். ஒன்று, பிறகு கீழே போய் ஓய்வு, பிறகு இன்னொன்று. அவசரமே இல்லையாம். முன்னங்கால் கடைசியாகத்தான் வருமாம்.

அது வருவதற்குள் நான் வந்துவிடுவேன். காத்திரு.

அக்கா